காப்புக் கட்டிய பிறகு கடலுக்குப் போனவன்

இஞ்சின் செத்துக் கிடந்தது. படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அந்தத் தண்ணீர் சிவப்பாக இருந்தது. அது என் நண்பன் சூசையின் ரத்தம். அவன் கை நசுங்கியதற்குக் காரணம் நான். கரை கண்ணுக்குத் தெரியவில்லை. காற்று எங்களை இன்னும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இவனை உயிரோடு இவன் பெண்டாட்டியிடம் ஒப்படைக்கப் போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது ஆம்பளை, வாய்விட்டு அழுதேன்.

நம் மாரியாத்தாளை நம்பி வாழும் சொந்தங்களே, போன வருடம் பங்குனியில் எனக்கு நடந்ததை ஊரில் நூறு விதமாகப் பேசியாயிற்று. டீக்கடையில் ஒரு கதை, கம்பத்தடியில் ஒரு கதை. பட்டவன் நான் ஒருத்தன் இருக்கிறேன். இந்த விழா மலரில் என் வாயால் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அப்புறம் திட்டுவதானால் தாராளமாகத் திட்டுங்கள்.

என் பெயர் பொன்னுசாமி. இருபத்திரண்டு வருடமாக லாரி ஓட்டுகிறேன். நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனத்தில் கலக்க கருவாட்டுத் தூள் வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரிலிருந்து அதை ஏற்றி வருவதுதான் என் பிழைப்பு. என் லாரி வரும் முன்னே அதன் வாசம் வந்துவிடும் என்று நீங்கள் கேலி பேசுவது எனக்கும் தெரியும். அந்தத் தூளைத் தின்ற கோழியின் முட்டையைத்தான் நீங்கள் ஆம்லெட் போடுகிறீர்கள், அது இருக்கட்டும்.

போன வருடம் நம் கோயில் வாசலில் வேப்பிலை சுற்றிய கம்பம் நட்டுக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள் திருவிழா முடியும்வரை எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. நம் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த கட்டு இது. நான் அன்று ஊருக்குள்தான் இருந்தேன். ஆத்தாளுக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். நான்காம் நாள் லோடுக்குக் கூப்பிட்டார்கள். கிளம்பிவிட்டேன்.

என் மனைவி சரசு வாசலில் வந்து வழியை மறித்து நின்றாள். "ஏனுங்க, காப்புக் கட்டி நாலு நாளு கூட முழுசா ஆவுலீங்க. வேற டிரைவர அனுப்பச் சொல்லுங்க."

"லாரிக்காரனுக்கு ஏது புள்ள எல்லை? டயரு உருள்ற பக்கமெல்லாம் என்ற ஊருதான்" என்றேன். திமிர்தான். இல்லை என்று சொல்லவில்லை.

அவள் பூஜைக்கு வைத்திருந்த மஞ்சள் துண்டை எடுத்து என் தோளில் போட்டாள். "கறி மீனு எதையும் வாயில வெச்சறாதீங்க. அதையாவது கேளுங்க" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனேன்.

போய்ச் சேர்ந்தால் கிடங்கு பூட்டியிருந்தது. மறுநாள் பெரிய வெள்ளி. அந்த ஊர் முழுக்கக் கிறிஸ்தவர்கள். சனிக்கிழமை வரை மூட்டை ஏறாது. அங்கேதான் சூசை இருந்தான். எட்டு வருடம் என் லாரியில் செகண்ட் டிரைவராக ஓடியவன். நான் தூங்கினால் அவன் ஓட்டுவான், அவன் தூங்கினால் நான் ஓட்டுவேன். அப்படி எட்டு வருடம் ஒருத்தன் உயிரை இன்னொருத்தன் கையில் கொடுத்துத் தூங்கியிருக்கிறோம். பிறகு அவன் அப்பாவுக்கு முடியாமல் போகவே, லாரியை விட்டுவிட்டுச் சொந்தக் கடலுக்குத் திரும்பினான். சின்னதாக ஒரு ஃபைபர் படகு, பின்னால் ஒரு இஞ்சின்.

"ஒரு நாளு சும்மா கெடந்து என்னண்ணே செய்யப் போறிய? பாருக்குப் போயிட்டு வருவோம், வாங்க" என்றான். கடலுக்கடியில் பாறைத்திட்டு இருக்கும் இடத்தைப் பார் என்பார்கள். விளமீனும் கலவாவும் அங்கேதான் மேயும்.

"நாளைக்கு உங்களுக்குப் பெரிய வெள்ளி ஆச்சே?"

"மூணு மணிக்குத்தான் கோயிலு. அதுக்குள்ள வந்துருவோம். நான் போறது எங்க சாமியாருக்குத் தெரியாது. நீங்க வந்தது உங்க ஆத்தாளுக்குத் தெரியாது" என்று சிரித்தான்.

எனக்கும் சிரிப்பு வந்தது. விரதம் தின்கிறதுக்குத்தானே, பிடிக்கிறதுக்கு என்ன என்று நானே எனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அவன் ஊர்க் கட்டை அவன் மீறினான், என் ஊர்க் கட்டை நான் மீறினேன். விடிந்ததும் ஒரே படகில் ஏறினோம். நம் ஊர் ஆளுக்கு வெயில் ஆகாதே என்று லாரியிலிருந்து ஒரு பழைய சின்னத் தார்ப்பாயையும் ஒரு சுருள் கயிற்றையும் எடுத்து வந்தேன். "லோடு ஏத்தவா போறோம்?" என்று வழியெல்லாம் கிண்டல் செய்தான்.

ஊர்க்கோயில் கோபுரமும் ஒரு பனைமரமும் நேராக வரும் இடம் பார்த்து நங்கூரம் போட்டான். பாறைக்குள் அது சிக்கிப் பிடித்தது. தூண்டிலில் கணவாய்த் துண்டைக் கோத்துக் கையில் கொடுத்தான். தூண்டில் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே மீன் தொட்டால் விரலுக்குத் தெரிகிறது. முதல் விளமீன் வந்தபோது, பங்காளிகளே, பொய் சொல்ல மாட்டேன், சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினேன். ஒன்பது மீன் பிடித்தேன். அவன் இருபதுக்கு மேல். அன்று கடலில் வேறு ஒரு படகும் இல்லை. எல்லோரும் கோயிலில் இருந்தார்கள்.

இனிமேல் சொல்வதைக் கவனித்துக் கேளுங்கள். இதில்தான் ஊரே தப்பாகப் பேசுகிறது.

முன்பக்கக் கட்டையில் நங்கூரக் கயிறு தொளதொளவென்று கிடந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. லாரிக்காரனுக்குத் தொய்ந்த கயிற்றைப் பார்த்தால் கை நமநமவென்று வரும். கயிறு தொய்ந்தால் பாரம் சரியும், பாரம் சரிந்தால் வண்டி கவிழும். எத்தனை கிளீனர் பையன்களை இதற்காக நான் திட்டியிருக்கிறேன்! சூசை பின்பக்கம் தூண்டிலில் இருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கயிற்றை இழுத்து, காலை உதைத்து, முப்பது டன் பாரத்துக்குப் போடுகிற சுருக்கைப் போட்டு இறுக்கிவிட்டேன். கட்டிவிட்டுப் பெருமையாக அதைத் தட்டியும் பார்த்தேன்.

கடல் ஏறி இறங்குகிற பொருள். படகு ஏறி இறங்க வேண்டுமென்றால் கயிறு இளகிக் கிடக்க வேண்டும். அரைமணி நேரத்தில் தெற்கிலிருந்து அலை பெருத்து வந்தது. படகு ஏறப் பார்த்தது. கயிறு விடவில்லை. முன்பக்கம் அமுங்கியது. அடுத்த அலை நேராக உள்ளே வந்து விழுந்தது.

"கயித்த யாருண்ணே இறுக்குனது?" என்று கத்திக்கொண்டே சூசை முன்னால் ஓடினான். பாரம் ஏறின லாரிச் சுருக்கு லேசில் அவிழாது. கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தான். மூன்றாவது அலை தூக்கியபோது அந்தக் கட்டையே பிய்த்துக்கொண்டு போயிற்று. கயிற்றுக்கும் படகு விளிம்புக்கும் நடுவில் அவன் வலது கை இருந்தது. அவன் கத்திய சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நங்கூரம் போய்விட்டது. இஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. எத்தனையோ தடவை கயிறு போட்டு இழுத்தேன், உயிர் வரவில்லை. இரண்டு போன்களும் ஊறிச் செத்தன. சரசு கொடுத்த மஞ்சள் துண்டால் அவன் கையைச் சுற்றிக் கட்டினேன். நொடியில் மஞ்சள் சிவப்பாயிற்று. மேற்கிலிருந்து கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. டப்பாவால் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டினேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது கோபுரம் தீக்குச்சி அளவு தெரிந்தது. அடுத்த தடவை பார்த்தபோது அதுவும் இல்லை.

துடுப்புப் போட்டேன். ஸ்டீயரிங் பிடித்த கை, துடுப்புக்கு ஆகவில்லை. ஒரு அடி முன்னே போனால் நாலு அடி பின்னே போனோம். சூசையின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. "தண்ணி தாங்கண்ணே" என்றான். கொடுத்தேன். "எம் பொண்டாட்டிட்ட சொல்லிருங்க" என்று ஆரம்பித்தான். "நீயே போய்ச் சொல்லிக்கோ" என்று அதட்டினேன். அதட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி அழுதேன். முதலில் சொன்னேனே, அது இந்த நேரம்தான்.

எப்படிக் கும்பிட்டேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பணிவாகக் கும்பிடவில்லை. சண்டை போட்டேன். எழுந்து நின்று வாய்விட்டே சொன்னேன்.

"ஆத்தா, நான் உன்ற எல்லையத் தாண்டி வந்துட்டேன். எனக்குத் தெரியும். இது உன்ற ஊரு இல்ல. இங்க உனக்குக் கம்பமும் இல்ல, வேப்பிலையும் இல்ல. ஆனா கயித்த இறுக்குனவன் நானு. இவன் இல்ல. என்னைய என்ன வேணாப் பண்ணிக்க. இவனக் கரையில சேத்து. உன்ற எல்லை நம்ம ஊரோட முடிஞ்சு போச்சுன்னா, இன்னைக்கே சொல்லீரு. நான் தெரிஞ்சுக்கறேன்."

தப்பா? இருக்கலாம். பெற்ற தாயிடம் பிள்ளை இப்படித்தான் பேசுவான். ஊரார் வீட்டுப் பொம்பளையிடமா இப்படிக் கத்துவான்?

சொல்லி முடித்ததும் என் கண்ணில் பட்டது அந்தத் தார்ப்பாய். தண்ணீரில் சுருண்டு கிடந்தது. படகைத் தள்ளப் பயன்படும் நீளமான கம்பு ஒன்றும் இருந்தது. எடுத்தேன். கம்பை நட்டு, உட்காரும் பலகையோடு சேர்த்துக் கட்ட ஆரம்பித்தேன்.

சூசை கண்ணைத் திறந்து பார்த்தான். "என்னண்ணே செய்றிய?"

"பாய் கட்டறேன்."

"காத்து வெளிய தள்ளுது. பாய் விரிச்சா நேரா இலங்கைக்குத்தான் போவோம்."

"விரிக்கலடா. கட்டிச் சுருட்டி வெக்கறேன். கட்டறது என்ற வேலை. காத்து அவ வேலை."

அவன் சிரித்தானா, முனகினானா தெரியவில்லை. பிறகு உதட்டை அசைத்துக்கொண்டு அவன் மாதாவைக் கும்பிட ஆரம்பித்தான். நான் கட்டினேன். வாழ்நாளில் அப்படி ஒரு கட்டுக் கட்டியதில்லை. எந்தச் சுருக்கு எங்களைக் கவிழ்க்கப் பார்த்ததோ அதே சுருக்குத்தான். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தார்ப்பாயின் ஒரு முனையை எப்படி இழுத்துப் பிடிக்க வேண்டும், துடுப்பைப் பின்னால் எப்படி வைத்துத் திருப்ப வேண்டும் என்று அவன் படுத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தான். கட்டி முடித்தாயிற்று. கச்சான் அடித்துக்கொண்டே இருந்தது. சுருட்டிய பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்தால் பைத்தியக்காரன் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சூரியன் தலைக்கு மேலிருந்து இறங்கியிருந்தது. சூசை பேசுவதை நிறுத்திவிட்டான். கன்னத்தில் தட்டினால் மட்டும் 'ம்' என்றான். எத்தனை தடவை தட்டினேன்! ஒரு தடவை அந்த 'ம்'மும் வரவில்லை. "ஆத்தா" என்று கத்தினேன்.

காற்று நின்றது.

அவ்வளவு நேரம் காதில் இரைந்துகொண்டிருந்தது சட்டென்று அடங்கியது. கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. பிறகு என் பிடரியில் ஜில்லென்று பட்டது. கிழக்கிலிருந்து. சூசை கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "கொண்டலு. விரிங்கண்ணே."

விரித்தேன். நாமக்கல் லாரியின் ஓட்டைத் தார்ப்பாய் புடைத்துக்கொண்டு நின்றது. கம்பு கிறீச்சிட்டது. கட்டு அசையவில்லை. படகு மேற்கே திரும்பி ஓடியது. நான் ஒரு கையில் பாயையும் ஒரு கையில் துடுப்பையும் பிடித்துக்கொண்டு, என் ஆத்தாளைப் புகழ்ந்தும் திட்டியும் என்னென்னவோ கத்திக்கொண்டு போனேன்.

அவன் ஊரிலிருந்து தள்ளி வேறொரு கரையில் போய் ஏறினோம். பெரிய வெள்ளி வழிபாடு முடிந்து வெள்ளை உடுப்போடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கடலுக்குள் ஓடி வந்தார்கள். அந்த வெள்ளைத் துணியெல்லாம் ரத்தமாக அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு விரல் போயிற்று. கை பிழைத்தது. அவன் பிழைத்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அவன் பெண்டாட்டி ஓடி வந்தபோது அவளுக்கு முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. "இவருதான் என்னைக் கொண்டாந்தாரு" என்று சூசையே சொல்லிவிட்டான். கயிற்றை இறுக்கியது யார் என்பதை நான்தான் பிறகு சொன்னேன்.

ஊருக்கு வந்தேன். இனிமேல்தான் நிஜமான புயல். பெரிய பங்காளி முத்துசாமி அண்ணன் கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எல்லையத் தாண்டுனா சும்மா உடுவாளா? காட்டீட்டா பாத்தியா? ஈரத்துணியோட கோயிலச் சுத்தி உருண்டு, 'ஆத்தா, குத்தம் பண்ணுனேன், தண்டிச்சே'ன்னு ஊரு முன்னால சொல்லு. அப்பறம் கம்பத்தத் தொடு."

"உருளறனுங்கண்ணா. ஆனா அந்தப் பேச்ச மட்டும் சொல்ல மாட்டனுங்க" என்றேன்.

கூட்டம் கொதித்தது. நான் விடவில்லை. அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் எழுதுகிறேன். எல்லை தாண்டியது என் தப்பு. கயிற்றை இறுக்கியது என் தப்பு. என் முட்டாள்தனத்தைத் தூக்கி ஆத்தா தலையில் போடாதீர்கள். தண்டிக்க வந்தவள் என்றால் எதற்குக் காற்றைத் திருப்பினாள்? நான் செய்த வினைக்கு சூசை விரலை அறுக்கிறவளா அவள்? அப்படி ஒருத்தியை நீங்கள் வேண்டுமானால் கும்பிட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஆத்தா அப்படிப்பட்டவள் இல்லை.

"சாயங்காலமானா அந்தக் காத்து எப்பவும் வரும்டா" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வரும்தான். சூசையே சொல்லியிருக்கிறான். நம் ஊரில் மழைகூட எப்பவும் வருகிறதுதான். அதற்காக அதை ஆத்தா கொடுத்ததில்லை என்று நீங்கள் யாராவது சொல்கிறீர்களா?

ஈரத்துணியோடு உருண்டேன். மூன்று சுற்று. குற்றத்துக்காக இல்லை, நன்றிக்காக. முதுகெல்லாம் கல் குத்தியது. சரசு கூடவே குனிந்து நடந்து என் தலை இடிக்காமல் கையை வைத்துக்கொண்டே வந்தாள். அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. மூன்றாவது சுற்றில் பூசாரி வந்து என் நெற்றியில் திருநீறு பூசினார்.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் மாறியிருக்கிறேன். தெரியாத வேலையில் கை வைக்கும் முன் கேட்டுவிட்டுச் செய்கிறேன். கிளீனர் பையன்களைத் திட்டுவது பாதியாகக் குறைந்திருக்கிறது. முழுசாகக் குறைந்தது என்றால் பொய். இந்த வருடம் காப்புக் கட்டியதும் லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டுத் திருவிழா முடியும்வரை ஊரிலேயே இருந்தேன். பயந்து அல்ல. ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கும்போது நாம் வெளியூரில் திரிந்தால் நன்றாகவா இருக்கும்?

போன செவ்வாய்க்கிழமை சூசை வந்தான். நாலு விரல் கையில் ஒரு பிளாஸ்டிக் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினான். மாதாதான் காற்றை அனுப்பியது என்று அவன் இன்றுவரை சாதிக்கிறான். ஆத்தாதான் என்று நான் சாதிக்கிறேன். இந்த வழக்கு எங்கள் காலத்தில் தீராது. ஆனால் அந்தக் கேனில் இருந்தது, நாங்கள் நங்கூரம் போட்ட அதே பாரில் அவன் மொண்டு வந்த தண்ணீர்.

பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைக் கம்பத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கேனைத் தூக்கிக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன். முத்துசாமி அண்ணன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இது கடத்தண்ணியாச்சே! கம்பம் கருகிப் போயிருமடா!"

"நாளைக்குப் புடுங்கிக் கெணத்துல போடற கம்பந்தானுங்கண்ணா. ஒரு நாளைக்குத் தாங்கும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சூசையின் கையைப் பார்த்தார். இல்லாத விரலின் இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விலகி வழி விட்டார். "நீயும் ஒரு கை புடி சாமி" என்று சூசையிடம் சொன்னார்.

இருவரும் சேர்ந்து ஊற்றினோம். கடல் தண்ணீர் கம்பத்தில் வழிந்து, வேப்பிலையை நனைத்து, நம் ஊர் மண்ணுக்குள் இறங்கியது.

சொந்தங்களே, உங்களில் யாரோ ஒருவர் இப்போது எல்லை தாண்டிப்போய் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கலாம். தப்பு உங்களுடையதாகவே இருக்கலாம். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று வாயடைத்து நிற்காதீர்கள். சண்டை போட்டாவது கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்காமல் பாயைக் கட்டி வையுங்கள். ஆத்தாளின் எல்லை எதுவரை என்று என்னிடம் கேட்டால், நான் கத்திய இடம் வரைக்கும் என்பேன். அதற்கு அப்பால் நான் போய்ப் பார்க்கவில்லை.